காருக்குள் நாய்ஸ் கேன்சலேஷன்: பின்சீட்டு வரை எட்டுமா?

கேட்டவரின் கேள்வியை முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். இப்போது இருக்கும் பெட்ரோல் காரைக் கொடுத்துவிட்டு மின்சாரக் கார் ஒன்று வாங்கப் பார்க்கிறார். மேல் வேரியண்ட்டில் ஆக்டிவ் நாய்ஸ் கேன்சலேஷன் இருக்கிறது, உள்ளே சத்தமே வராது என்று ஷோரூமில் சொல்லியிருக்கிறார்கள். மாதம் இரண்டு தடவை குடும்பத்தோடு சென்னையிலிருந்து திருச்சி போகிறவர்கள். பின்சீட்டில் உட்கார்ந்து வரும் அம்மா, வண்டியை விட்டு இறங்கியதும் "காதுக்குள்ள இன்னும் ஓடிக்கிட்டே இருக்கு" என்கிறாராம். ஹெட்போனில் அடங்குவது போலக் காருக்குள்ளும் அடங்குமா, ஹார்னும் ஆம்புலன்ஸும் கேட்காமல் போய்விடுமா, இதற்கென்று கூடுதல் பணம் கொடுக்கலாமா என்று கேட்கிறார்.

கேள்வி மூன்று, அடியில் இருக்கும் விஷயம் ஒன்று. காதை மூடாமல், நான்கைந்து பேர் உட்கார்ந்திருக்கும் ஒரு சின்ன அறைக்குள், சத்தத்தைச் சத்தத்தால் அடக்க முடியுமா? முடியும். ஆனால் எந்தச் சத்தத்தை, எந்த இடத்தில் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. நான் 16 வருடமாக வாகனங்களின் சத்தம், அதிர்வு சம்பந்தப்பட்ட வேலையில் இருக்கிறேன். எங்கள் துறைக்கு என்விஎச் என்று பெயர். இன்ஜின் சத்தத்தை அடக்கும் அமைப்புகளில் நிறைய வேலை செய்திருக்கிறேன். சாலை இரைச்சலை அடக்கும் அமைப்பில் இரண்டு புராஜெக்ட்டில்தான் கைவைத்திருக்கிறேன். அதனால் அந்தப் பகுதி வரும்போது கொஞ்சம் அடக்கி வாசிக்கிறேன்.

ஒலி என்பது காற்றழுத்தத்தில் வரும் மிகச் சிறிய ஏற்ற இறக்கம். ஓர் இடத்தில் அழுத்தம் ஏறும் அதே கணத்தில் அதே அளவு இறக்கும் இன்னோர் ஒலியை அங்கே கொண்டுவந்தால் இரண்டும் சேர்ந்து ஒன்றுமில்லாமல் போகும். இதுவரை எல்லாருக்கும் தெரிந்த பாடம். இரண்டு அலைகளைத் தலைகீழாக வரைந்து, கீழே ஒரு நேர்கோடு போட்டுக் காட்டுவார்கள். அந்தப் படத்தில் வராத ஒன்றுதான் எங்கள் வேலையில் முக்கால்வாசி. அது நேரம். ஆடிக்கொண்டிருக்கும் ஊஞ்சலை நிறுத்த வேண்டுமென்றால், அது நம்மை நோக்கி வரும்போது எதிரே கை வைக்க வேண்டும். கொஞ்சம் பிந்திவிட்டால், விலகிப் போகிற ஊஞ்சலைத் தள்ளிவிட்டு இன்னும் உயரமாக ஆட்டிவிடுவோம்.

இதை எண்ணில் சொன்னால் இன்னும் தெளிவாக இருக்கும். எதிர் ஒலி 1 மில்லி விநாடி பிந்துகிறது என்று வைத்துக்கொள்வோம். 100 ஹெர்ட்ஸ் ஒலிக்கு ஒரு சுற்று முடிய 10 மில்லி விநாடி ஆகும். அதில் 1 மில்லி விநாடி பெரிய பிழை இல்லை, அப்போதும் சுமார் 4 டெசிபெல் குறையும். 200 ஹெர்ட்ஸில் அதே தாமதத்தோடு சத்தம் குறைவதற்குப் பதில் கூடத் தொடங்கிவிடும். 500 ஹெர்ட்ஸில் அந்த 1 மில்லி விநாடி சரியாக அரைச் சுற்று. எதிர் ஒலி நேர் ஒலியாகவே மாறி, சத்தம் 6 டெசிபெல் ஏறும். ஒரே பிழைதான்: ஓரிடத்தில் மருந்து, இன்னோரிடத்தில் அதுவே நோய். ஒரு சுற்றை 360 பாகையாக வைத்துக்கொண்டால், பிழை 60 பாகையைத் தாண்டியதும் இந்த வேலையைச் செய்யாமல் இருப்பதே மேல் என்பது எங்களுக்கு அடிப்படைக் கணக்கு. 20 டெசிபெல் குறைக்க ஆசைப்பட்டால் பிழை 6 பாகைக்குள் இருக்க வேண்டும்.

ஹெட்போனுக்கு இது ஏன் சுலபமாக இருக்கிறது என்பதும் இதிலிருந்தே வருகிறது. அங்கே ஸ்பீக்கருக்கும் செவிப்பறைக்கும் நடுவில் இரண்டு மூன்று சென்டிமீட்டர்தான். நடுவில் உள்ள மைக்கும் அதே குழிக்குள் இருக்கிறது. மேல் சுருதிச் சத்தத்தை மின்னணு எதுவும் தொடுவதில்லை, காதைச் சுற்றியுள்ள மெத்தையே அதைத் தடுத்துவிடும். காரில் கதவு ஸ்பீக்கரிலிருந்து காதுக்கு ஏறக்குறைய ஒரு மீட்டர். ஒலி ஒரு மில்லி விநாடியில் 34 சென்டிமீட்டர்தான் போகும், எனவே அந்தத் தூரத்தைக் கடக்கவே 3 மில்லி விநாடி ஆகிவிடும். வீட்டுக்குப் பிந்தி வந்து திருடனைப் பிடிக்க முடியாது. அவன் வரும் வழி முன்னமே தெரிந்திருக்க வேண்டும். காருக்குள் அடக்க முடிகிற சத்தம் என்றால், வரப்போவது முன்கூட்டியே தெரிகிற சத்தம் என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

இடமும் ஒரு கட்டுப்பாடுதான். பல திசைகளிலிருந்து ஒலி வந்து மோதும் ஓர் இடத்தில், ஒரு புள்ளியில் ஒலியை அடக்கினால், அந்தப் புள்ளியைச் சுற்றி அலைநீளத்தில் பத்தில் ஒரு பங்கு அகலத்துக்குத்தான் 10 டெசிபெல் அளவுக்கு அமைதி கிடைக்கும். 100 ஹெர்ட்ஸில் அலைநீளம் 3.4 மீட்டர், அதனால் அமைதி வட்டம் 34 சென்டிமீட்டர். தலை தாராளமாக உள்ளே இருக்கும். 500 ஹெர்ட்ஸில் 7 சென்டிமீட்டர். ஒரு காது உள்ளே, இன்னொன்று வெளியே. 1,000 ஹெர்ட்ஸில் ஓர் எலுமிச்சம்பழ அளவுகூடத் தேறாது. காற்று இரைச்சல் ஏன் அடங்குவதில்லை என்ற கேள்விக்குப் பாதிப் பதில் இதிலேயே வந்துவிட்டது. அது 500 ஹெர்ட்ஸுக்கு மேலேதான் அதிகம். கண்ணாடி முழுக்க, முன்கண்ணாடியின் ஓரத் தூணான ஏ பில்லர், மிரர் என்று நூறு இடத்தில் ஒரே நேரத்தில் பிறக்கிறது.

இந்த யோசனை புதியது இல்லை. பால் லூக் என்ற ஜெர்மானியர் 1933-இல் இதற்குக் காப்புரிமை கேட்டார். அமெரிக்கக் காப்புரிமை 1936-இல் கிடைத்தது. அதில் இருக்கும் படம் ஒரு குழாய். ஒரு பக்கம் மைக், தள்ளி ஒரு ஸ்பீக்கர். குழாய் வழியே ஒலி நடந்து வருவதற்குள் மின்சாரம் முந்திப் போய்விடும் என்ற கணக்கு அன்றே சரியாக இருந்தது. 1953-இல் ஹாரி ஆல்சனும் எவரெட் மேயும் இருக்கையில் தலை சாயும் இடத்தில் ஸ்பீக்கரையும் மைக்கையும் பொருத்தி, விமானத்திலோ காரிலோ உட்கார்ந்திருப்பவரின் தலையைச் சுற்றி மட்டும் அமைதி உண்டாக்கலாம் என்று எழுதினார்கள். சுமார் 70 வருடம் கழித்து, 2021-இல் வந்த ரேஞ்ச் ரோவரில் ஹெட்ரெஸ்ட்டுக்குள் 60 மில்லிமீட்டர் ஸ்பீக்கர்களை வைத்து அதைத்தான் செய்தார்கள். நடுவில் இவ்வளவு காலம் பிடித்ததற்குக் காரணம், எதிர் ஒலியை நொடிக்கு ஆயிரக்கணக்கான தடவை திருத்திக்கொண்டே இருக்கும் கணக்கை ஒரு மலிவான சிப் செய்ய வேண்டியிருந்தது. அந்தத் திருத்தும் முறையை 1960-இல் பெர்னார்ட் விட்ரோவும் அவருடைய மாணவர் டெட் ஹாஃபும் கொடுத்தார்கள். அதே ஹாஃப்தான் பிறகு இன்டெலுக்குப் போய் முதல் மைக்ரோபிராசஸர் உருவாவதில் முக்கியப் பங்கு வகித்தார். எனக்கு இது எப்போதும் பிடித்த பொருத்தம்: கணக்கையும் கொடுத்து, கணக்குப் போடும் கருவிக்கும் வழி செய்தவர் ஒரே மனிதர்.

சரி, காருக்கு வருவோம். இன்ஜின் சத்தம்தான் இருப்பதிலேயே அடக்கச் சுலபமானது. அது எப்போது வரும் என்று, இன்ஜினுக்குள் சுழலும் தண்டான கிராங்க்ஷாஃப்ட்டே சொல்லிவிடும். நான்கு சிலிண்டர் இன்ஜினில் ஒரு சுற்றுக்கு இரண்டு வெடிப்பு. 3,000 ஆர்பிஎம் என்றால் நொடிக்கு 50 சுற்று, ஆக 100 ஹெர்ட்ஸ். மூன்று சிலிண்டரில் சுற்றுக்கு ஒன்றரை வெடிப்பு. 2,000 ஆர்பிஎம்மில் 50 ஹெர்ட்ஸ். மைக் எதையும் கண்டுபிடிக்க வேண்டியதில்லை, ஆர்பிஎம் சிக்னலே போதும். கூரையின் உள் துணிக்குப் பின்னால் இருக்கும் மைக்குகள் 'இன்னும் எவ்வளவு மிச்சம் கேட்கிறது' என்பதை மட்டும் சொல்லும். சிப் அதைப் பார்த்து எதிர் ஒலியின் அளவையும் நேரத்தையும் திருத்தும். ஸ்பீக்கர்கள் ஏற்கெனவே பாட்டுக்காக இருப்பவைதான். 1990களின் தொடக்கத்திலேயே ஜப்பானில் நிசான் புளூபேர்ட் இதோடு விற்பனைக்கு வந்தது. 2003-இல் ஹோண்டா இன்ஸ்பயரில் ஆறு சிலிண்டரில் மூன்றை நிறுத்திவிட்டு ஓட்டி எரிபொருளை மிச்சப்படுத்தும் ஏற்பாடு வந்தபோது, மூன்றில் ஓடும்போது கேட்கும் உறுமலை அடக்கத்தான் இந்த அமைப்பையும், எதிர் அதிர்வு கொடுக்கும் இன்ஜின் மவுண்ட்டையும் சேர்த்தார்கள். அங்கே இது சொகுசுக்காக வரவில்லை. இது இல்லாவிட்டால் அந்த மிச்சத்தை வாடிக்கையாளர் ஏற்றுக்கொண்டிருக்க மாட்டார்.

இதை முதல் தடவை நேரில் கேட்டது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. மூன்று சிலிண்டர் சோதனைக் கார், நான்காவது கியர், 2,000 ஆர்பிஎம், லேசான ஏற்றம். மடியில் லேப்டாப், ஸ்பேஸ் பாரைத் தட்டினால் அமைப்பு அணையும், மறுபடி தட்டினால் வரும். அணைத்ததும் சத்தம் கேட்டது என்பதைவிட, காதின் மேல் யாரோ உள்ளங்கையை வைத்து அழுத்தி அழுத்தி எடுப்பது போல இருந்தது. தட்டினேன், இரண்டு நொடியில் அந்தக் கை விலகியது. டயர் சத்தம், ஏசி காற்று, பக்கத்தில் இருந்தவர் பேனாவைச் சொடுக்கியது எல்லாம் அப்படியே இருந்தன. முன்னால் குனிந்து பார்த்தேன், கதவுப் பக்கம் சாய்ந்து பார்த்தேன், எங்கும் அமைதிதான். 50 ஹெர்ட்ஸில் அலைநீளம் 7 மீட்டருக்குக் கிட்டே, அந்தக் காருக்குள் தப்பிப் போக இடமே இல்லை. பல வருடம் கழித்துச் சாலை இரைச்சல் அமைப்பை 250 ஹெர்ட்ஸ் பகுதியில் சோதித்தபோது நேர் எதிர் அனுபவம். தலையைச் சீட்டில் சாய்த்தால் இதமாக இருந்தது, ஒரு சாண் கதவுப் பக்கம் நகர்ந்ததும் திரை விலகியது போலச் சத்தம் திரும்பி வந்தது.

அடக்கிய சத்தம் எங்கே போகிறது, ஆற்றல் அழியாது அல்லவா என்று பலர் கேட்பார்கள். நல்ல கேள்வி. மிகத் தாழ்ந்த சுருதியில் கேபின் ஒரு மூடிய டப்பா மாதிரி. கூரைத் தகடு உள்ளே அமுங்கும்போது காற்று நசுங்கி அழுத்தம் ஏறுகிறது, அதைத்தான் 'கும்' என்று உணர்கிறோம். அந்த நேரத்தில் ஸ்பீக்கர் கோன் பின்வாங்கி இடம் விட்டால் காற்று நசுங்குவதே இல்லை. பிறந்த சத்தத்தைக் கொன்று எங்கோ புதைப்பது இல்லை இது. சத்தம் பிறக்கவே விடுவதில்லை. மேல் சுருதிக்குப் போகப் போக இந்தப் படம் மாறும்: ஓரிடத்தில் குறைத்தால் இன்னோரிடத்தில் கூடும். அந்தக் கூடுதல் யார் தலைக்கும் வராதபடி வைப்பதுதான் பிறகு வேலை.

அந்த வேலையின் கடினமான பகுதி வெளியே தெரியாது. சிப்புக்கு, 'நான் இந்த ஸ்பீக்கரில் இப்படி ஒலித்தால் அந்த மைக்கில் எப்படிக் கேட்கும்' என்பது முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும். இதற்காகக் காரைச் சத்தமில்லாத அறைக்குள் நிறுத்தி, ஒவ்வொரு ஸ்பீக்கராக 'ஸ்ஸ்' என்ற இரைச்சலை ஒலிக்கவிட்டு, எல்லா மைக்கிலும் அளப்போம். ஓட்டுநர் மட்டும், நான்கு பேர், பின்சீட்டை மடக்கி, சன்ரூஃப் திரையைத் திறந்து, என்று மாற்றி மாற்றி. மனித உடல் ஒலியை உறிஞ்சும். அதனால் பொம்மையை வைத்தால் போதாது, அரை மணி நேரம் அசையாமல் உட்காரச் சக ஊழியர்களைக் கெஞ்சிக் கூட்டிவருவோம். அளந்ததற்கும் உண்மையில் ஓடும் காருக்கும் அதிகம் வித்தியாசம் வந்தால், திருத்தும் கணக்கு தப்பான திசையில் திருத்த ஆரம்பிக்கும். சத்தம் குறைவதற்குப் பதில் வளர்ந்துகொண்டே போகும். ஜன்னலைத் திறந்ததும் பல கார்களில் இந்த அமைப்பு ஒதுங்கிக்கொள்வது இதனால்தான்; மூடிய டப்பாவுக்குப் போட்ட கணக்கு திறந்த டப்பாவுக்குப் பொருந்தாது.

இதே காரணத்தால் வரும் ஒரு சிக்கலை இங்கே சொல்லியே ஆக வேண்டும். தெரிந்தவர் ஒருவர் காரில் வெளியே ஒரு கடையில் புது ஆம்ப்ளிஃபயரும் சப்வூஃபரும் போட்டார். அதன் பிறகு 1,500 ஆர்பிஎம்மைத் தாண்டினால் கேபின் முழுக்க ஒரு முனகல், பாட்டில் பாஸ் வந்தால் அது தூக்கலாகும். வீல் பேரிங் மாற்றினார்கள், இன்ஜின் மவுண்ட் மாற்றினார்கள். இரண்டு மாதம் அலைந்தார். என்னிடம் வந்தபோது ஸ்டீரியோவை முழுக்க அணைக்கச் சொன்னேன், முனகல் போகவில்லை. கூரை விளக்கின் மூடியைக் கழற்றி அதன் பின்னால் இருந்த சின்ன மைக்கின் கப்ளரை உருவினேன். சட்டென்று நின்றது. பழைய ஆம்ப்ளிஃபயருக்காகப் போட்ட கணக்கு, புது ஆம்ப்ளிஃபயரின் பெருக்கத்துக்கும் தாமதத்துக்கும் பொருந்தாமல் ஊஞ்சலை மேலும் தள்ளிவிட்டுக்கொண்டிருந்திருக்கிறது. இந்த அமைப்பு உள்ள காரில் ஆடியோவை மாற்றப் போகிறீர்கள் என்றால், வேலை செய்பவரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

இப்போது அம்மாவின் காதில் ஓடிக்கொண்டிருக்கும் சத்தத்துக்கு வருகிறேன். நெடுஞ்சாலையில் 80, 90-இல் போகும்போது அது பெரும்பாலும் சாலை இரைச்சலும் காற்றும். மின்சாரக் காரில் இன்ஜின் இல்லை, உண்மை. ஆனால் இன்ஜின் சத்தம் ஒரு போர்வை மாதிரி மற்றவற்றை மூடி வைத்திருந்தது. போர்வையை எடுத்ததும் டயர், காற்று, மோட்டாரின் மெல்லிய கீச்சு எல்லாம் தனித்தனியாகக் கேட்க ஆரம்பிக்கும். மோட்டார் கீச்சு மேல் சுருதி, அதற்கு இந்த அமைப்பால் ஒன்றும் ஆகாது. கியர் பல்லின் வடிவம், மோட்டாரைச் சுற்றிய உறை என்று வேறு வழி பார்க்க வேண்டும்.

சாலை இரைச்சலில் கஷ்டம் என்னவென்றால், அதற்கு ஆர்பிஎம் போல ஒரு முன்னறிவிப்பு கிடையாது. ஜல்லி எப்படிக் கிடக்கிறதோ அப்படி வரும். ஆனால் டயரில் பட்ட அதிர்வு சஸ்பென்ஷன், சப்ஃபிரேம், தரைத் தகடு என்று ஏறி ஒலியாக மாறிக் காதுக்கு வருவதற்குச் சில மில்லி விநாடி ஆகிறது. அந்தச் சில மில்லி விநாடிதான் கையில் இருக்கும் முதல். சக்கரத்துக்குப் பக்கத்தில் ஆக்சிலரோமீட்டர் என்ற அதிர்வை அளக்கும் சென்சார்களைப் பொருத்தி, அதிர்வு கிளம்பும்போதே பிடித்து, கணக்குப் போட்டு, ஒலி வருவதற்கு முன் ஸ்பீக்கரில் எதிர் ஒலியைக் கொடுத்துவிட வேண்டும். 2000-இல் ஜப்பானில் வந்த ஹோண்டா அக்கார்ட் வேகன் ஒரு குறுக்கு வழியில் போனது. 40 ஹெர்ட்ஸ் பக்கம் இருந்த ஒரு குறிப்பிட்ட முழக்கத்தை மட்டும் எடுத்துக்கொண்டு, கேபின் மைக்கைக் கொண்டே முன்சீட்டில் சுமார் 10 டெசிபெல் குறைத்தார்கள். அகலமான சாலை இரைச்சலை ஆக்சிலரோமீட்டர் வைத்து அடக்கும் முறையை ஹூண்டாய் 2019 நவம்பரில் அறிவித்து, ஜெனிசிஸ் ஜிவி80-இல் கொண்டுவந்தது. அதிர்வைப் பிடித்து எதிர் ஒலி உண்டாக்க 2 மில்லி விநாடி, கேபினில் சுமார் 3 டெசிபெல் குறைவு என்பது அவர்கள் சொன்ன கணக்கு.

3 டெசிபெல் என்பதை 'பாதியாகக் குறைந்தது' என்று விளம்பரத்தில் எழுதுவார்கள். ஒலி ஆற்றலில் அது பாதிதான், பொய்யில்லை. ஆனால் காதுக்குச் சத்தம் பாதியாகத் தெரிய ஏறக்குறைய 10 டெசிபெல் குறைய வேண்டும். 3 டெசிபெல் என்றால் வித்தியாசம் தெரியும், அவ்வளவுதான். ஏன் இதைவிட அதிகம் எடுப்பது கஷ்டம் என்பதற்கு ஒரு தெளிவான கணக்கு உண்டு. காதில் கேட்கும் சத்தத்தில் எத்தனை பங்கு அந்த ஆக்சிலரோமீட்டர்கள் பார்த்த அதிர்விலிருந்து வந்தது என்பதே மேல் எல்லை. 90 சதவீதம் என்றால் அதிகபட்சம் 10 டெசிபெல். 50 சதவீதம் என்றால் 3. சென்சார் பார்க்காத வழியில் வருவதை எந்தக் கணக்காலும் தொட முடியாது. நான்கு சக்கரமும் தனித்தனியாகக் குலுங்கும், ஒவ்வொன்றும் மூன்று திசையில். சென்சாரைக் கூட்டக் கூட்ட விலையும் கூடும்.

அப்படியானால் கார் நிறுவனங்கள் ஏன் இதில் இவ்வளவு மெனக்கெடுகின்றன? எடைதான் காரணம். தடுப்பால் சத்தத்தை 6 டெசிபெல் குறைக்க வேண்டுமென்றால் தகட்டின் எடையை இரண்டு மடங்காக்க வேண்டும். அதே தகடு, சுருதி பாதியாக இறங்கினால் 6 டெசிபெல் குறைவாகத்தான் தடுக்கும். மேல் சுருதிக்கு ஒரு பஞ்சு மெத்தை போதும். 100 ஹெர்ட்ஸை மெத்தையால் நிறுத்தப் பார்த்தால் வண்டி கனத்துப் போகும், மின்சாரக் காரில் அது ரேஞ்சைத் தின்னும். ஆக மேல் சுருதிக்கு மெத்தை, லேமினேட் கண்ணாடி, ரப்பர் சீல். கீழ்ச் சுருதிக்கு இந்த அமைப்பு. இரண்டும் ஒன்றுக்கொன்று மாற்று இல்லை. கதவு சீலைச் சிக்கனம் செய்துவிட்டு மேல் வேரியண்ட்டில் நாய்ஸ் கேன்சலேஷன் கொடுத்தால், அந்தக் கார் 100-இல் போகும்போது சீறத்தான் செய்யும்.

ஹார்ன், ஆம்புலன்ஸ் பற்றிய பயம் வேண்டாம். ஆம்புலன்ஸ் சைரன் பெரும்பாலும் 500 ஹெர்ட்ஸுக்கு மேலேதான் ஏறி இறங்கும், ஹார்னின் காதைக் குத்தும் பகுதியும் அப்படித்தான். காரின் அமைப்பு அந்தப் பக்கம் போவதே இல்லை. ஆர்பிஎம்மையும் சஸ்பென்ஷன் அதிர்வையும் பார்த்து வேலை செய்யும் அமைப்புக்கு வெளியிலிருந்து காற்றில் வரும் ஹார்ன் தெரியவும் தெரியாது. கீழ் முழக்கம் அடங்குவதால் ஹார்ன் இன்னும் தெளிவாகக் கேட்கவே வாய்ப்பு அதிகம்.

போனில் டெசிபெல் ஆப் போட்டு அளந்து, வித்தியாசமே இல்லை என்று வருத்தப்படுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. அந்த ஆப்கள் வழக்கமாகக் காட்டுவது ஏ எடையிட்ட டெசிபெல். அந்த அளவில் 100 ஹெர்ட்ஸ் ஒலியை 19 டெசிபெல்லும், 50 ஹெர்ட்ஸ் ஒலியை 30 டெசிபெல்லும் கழித்துவிட்டுத்தான் கணக்கில் சேர்ப்பார்கள். எந்தப் பகுதியில் இந்த அமைப்பு வேலை செய்கிறதோ அந்தப் பகுதியை அளவுகோலே தள்ளிவிடுகிறது. உங்கள் காதை நம்புங்கள், ஆப்பை விட்டுவிடுங்கள்.

இதுவரை சொன்னதெல்லாம் இயற்பியலும் அளந்து பார்த்ததும். இனி நான் அதே உறுதியோடு சொல்லாத விஷயங்கள். நீண்ட பயணக் களைப்பு இதனால் குறையும் என்பார்கள். இந்த அமைப்பு உள்ள கார்களில் 300 கிலோமீட்டர் ஓட்டிவிட்டு நான் தெளிவாக இறங்கியிருக்கிறேன். ஆனால் அந்தக் கார்களில் சீட்டும் கண்ணாடியும் டயரும்கூட நன்றாகவே இருந்தன, எதற்கு எவ்வளவு பங்கு என்று பிரிக்க என்னால் முடியவில்லை. அதேபோல் கீழ்ச் சுருதி திடீரென்று விலகும்போது சிலர் காது அடைப்பது போல இருக்கிறது என்கிறார்கள். எங்கள் குழுவிலேயே ஒருவர் ஒவ்வொரு தடவையும் சொல்வார், மற்றவர்கள் உணர்ந்ததில்லை. அம்மாவுக்கு எப்படி இருக்கும் என்பதை அவர் உட்கார்ந்து பார்த்தால்தான் தெரியும். காதில் ஓட்டம் பயணம் முடிந்து மறுநாளும் நிற்கவில்லை என்றால் அது காரின் விஷயமாக இல்லாமலும் இருக்கலாம். காது மருத்துவரிடம் காட்டிவிடுங்கள், அது என் துறை இல்லை.

பணம் கொடுக்கலாமா? விற்பனையாளரிடம் முதலில் இரண்டு கேள்வி கேளுங்கள். அடக்குவது இன்ஜின் அல்லது மோட்டார் சத்தத்தையா, சாலை இரைச்சலையா? மின்சாரக் காரில் சாலை இரைச்சலுக்கு இல்லையென்றால் உங்கள் பயணத்துக்கு அதனால் பெரிய பயன் இல்லை. இரண்டாவது, மைக்குகள் பின்சீட்டுக்கு மேலேயும் இருக்கின்றனவா? முன்சீட்டுக்கு மட்டும் கணக்குப் போட்ட அமைப்பில் பின்சீட்டில் சத்தம் குறையாமல் இருப்பதும், சில சுருதிகளில் சற்றே கூடுவதும் நடக்கக்கூடியதே. பெரும்பாலும் ஷோரூமில் பதில் தெரிந்திருக்காது, அதில் அவர்கள் தப்பு ஒன்றுமில்லை. கூரைத் துணியில் சின்னச் சின்ன ஓட்டைகளாகச் சல்லடை போல இருக்கும் இடங்களைத் தேடிப் பாருங்கள், முன்னால் மட்டும் இருக்கின்றனவா, பின்னாலும் இருக்கின்றனவா என்று. போன் பேசுவதற்கான மைக்கும் அதே மாதிரித்தான் இருக்கும், அது வழக்கமாக ஓட்டுநர் பக்கம்.

வாங்குவதற்கு முன்பே, இப்போது இருக்கும் காரில் ஒன்றைச் சரிபார்த்துவிடுங்கள். டயர். மேல் தேய்மானம் அலை அலையாக இருந்தால், கையால் தடவினால் ரம்பம் போல ஒரு பக்கம் சொரசொரத்தால், அந்த டயர்தான் பாதி இரைச்சல். காற்று அளவுக்கு மேல் இருந்தாலும் இரைச்சல் ஏறும். டயருக்குள் இருக்கும் காற்று வளையத்துக்கே ஒரு சொந்தச் சுருதி உண்டு. 16 இன்ச் சக்கரத்தில் அந்த வளையத்தின் சுற்றளவு ஏறக்குறைய 1.6 மீட்டர், அதனால் 210 ஹெர்ட்ஸ் பக்கம் ஒலிக்கும். பாலத்து இணைப்பில் ஏறும்போது 'டங்' என்று ஒரு பானைச் சத்தம் வருகிறதே, அதுதான். உள்ளே ஃபோம் ஒட்டிய டயர்கள் அதற்காகவே வருகின்றன. தேய்ந்த டயரை மாற்றியதும் கிடைக்கும் அமைதி, எந்த சிப்பும் கொடுக்கும் 3 டெசிபெல்லைவிடப் பெரிதாக இருந்ததை நான் பலமுறை அளந்திருக்கிறேன்.

டெஸ்ட் டிரைவுக்குப் போகும்போது அம்மாவைக் கூட்டிப்போய் அவர் எப்போதும் உட்காரும் இடத்திலேயே உட்கார வையுங்கள். புதுத் தாரில் ஓட்டாமல், சொரசொரப்பான கான்கிரீட் சாலை பார்த்து, ஜன்னலை மூடி, பாட்டை அணைத்து, 70, 80-இல் ஒரே வேகத்தில் நான்கைந்து கிலோமீட்டர் போங்கள். அதே சாலையில், அதே வேகத்தில், இந்த அமைப்பு இல்லாத கீழ் வேரியண்ட்டையும் ஓட்டச் சொல்லுங்கள். டயர் இரண்டிலும் ஒரே கம்பெனி, ஒரே அளவா என்று பார்த்துக்கொள்ளுங்கள். எது எந்த வேரியண்ட் என்று அவரிடம் சொல்ல வேண்டாம். இறங்கியதும், காதில் இன்னும் ஓடுகிறதா என்று மட்டும் கேளுங்கள்.